இரவல் வெயில்

சுகந்திக்கு வெயில் ஆகாது. கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பனியிலும் மேட்டிலும் சைக்கிள் மிதித்து வளர்ந்த பெண் அவள். மலைப்பாதையில் அவளை முந்த மாநிலத்திலேயே ஆள் கிடையாது. குதிரைக்கு வைக்க வேண்டிய நுரையீரலை இவளுக்கு வைத்துவிட்டார்கள் என்று பயிற்சியாளர் தாமோதரன் சொல்லுவார். அதே சுகந்தி சமவெளிக்கு இறங்கி ஓட்டிய முதல் பெரிய போட்டியில், திண்டிவனம் தாண்டுவதற்குள் கண் இருட்டி, வாந்தியெடுத்து, வண்டியோடு ஒரு புளியமரத்தடியில் சாய்ந்தாள்.

அன்றைக்கு அவளுக்காக நின்றவள் அதே அணியில் ஓட்டிய வாணி ஒருத்திதான். முழுப்பெயர் கோகிலவாணி. கரூர்ப் பக்கம், பரமத்தி. கல்லுடைக்கும் கிரஷர்களும் வெடித்த செம்மண்ணுமாகக் கிடக்கிற, வானிலை அறிக்கையில் வெயிலுக்கென்றே பெயர் வாசிக்கப்படும் ஊர். அணியில் வாணிக்கு வேலையே மற்றவர்களுக்காக ஓட்டுவதுதான். எதிர்க்காற்றை முன்னால் போய் வாங்கிக்கொள்வாள். பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை முதுகில் செருகிக்கொண்டு வந்து ஆளாளுக்குக் கொடுப்பாள். அவளைத் தண்ணி லாரி என்று கூப்பிடுவார்கள். கோபப்படவே மாட்டாள்.

மரத்தடியில் சுகந்தியின் தலையை மடியில் எடுத்து வைத்து, இருந்த தண்ணீரையெல்லாம் அவள் பிடரியில் ஊற்றினாள் வாணி. "சித்த நேரம் கண்ண மூடு கண்ணு. இந்த வெய்யல் உன்னைய ஒண்ணும் பண்ணாது. இது எங்கூர்லருந்து வந்ததுதான், நாஞ்சொன்னாக் கேக்கும்."

அந்தப் போட்டியில் இருவருமே கடைசியாக வந்தார்கள். அதிலிருந்து சுகந்திக்கு அவள் வாணிக்கா.

கத்திரிக் கோப்பை வந்தது அதற்கு அடுத்த வருடம். பழவேற்காட்டில் புறப்பட்டு, கடலோரமாகவே பல நாட்கள் ஓட்டி, கன்னியாகுமரியில் முடியும் போட்டி. அதுவும் அக்னி நட்சத்திரத்தில். முந்தைய தலைமுறையாக இருந்தால் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருக்கும். இப்போதோ கோடை மாசியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. வெயிலோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதே எல்லோருக்கும் கவலையாகிவிட்டதால், வெயிலை ஜெயிக்கிறவர்களைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கோப்பையைச் சுகந்தியை வைத்து வாங்கிவிடலாம் என்று தாமோதரன் கணக்குப் போட்டார். ஒரே ஒரு சிக்கல்தான்.

"நீ மேட்டுல இருந்தாத்தான் உன் ரத்தத்துக்கு வலு," என்றார் சுகந்தியிடம். "வெயில்ல இருந்தாத்தான் உடம்பு பதமாகும். கீழ இறக்கிச் சூட்டறையில ஓட்டவிட்டா மேட்டுல சம்பாதிச்சது போயிடுது. மேல ஏத்தினா வெயில் பதம் ரெண்டே வாரத்துல கரைஞ்சிடுது. ஒரே உடம்பை ரெண்டு இடத்துல எப்படிம்மா வைக்கிறது?"

வழி சொன்னவர் டாக்டர் மெர்லின். நாகர்கோவில்காரப் பெண்மணி. கோயம்புத்தூரில் விளையாட்டு வீரர்களுக்கென்று இருந்த ஒரு தனியார் ஆய்வு மருத்துவமனையில் வேலை பார்த்தார். குட்டையான உருவம், எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும் வாய். சுகந்தியையும் வாணியையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, வேர்க்கடலைத் தட்டை நடுவில் நகர்த்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"வெயில்ல தினமும் கிடந்தா உடம்பு பாடம் படிக்கும், மக்ளே. ரத்தத்துல நீர் கூடும். வியர்வை சீக்கிரமே வரும், ஆனா உப்பை வெளிய விடாது. நெஞ்சு பதறாது. இதையெல்லாம் உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கிற செல்கள் கொஞ்சம் இருக்கு. வாத்தியாருன்னு வெச்சுக்கோ. இந்த வாத்தியாருங்களை ஒரு உடம்புலருந்து கூட்டிட்டு வந்து இன்னொரு உடம்புல விட்டா, அங்கேயும் அதே பாடத்தை நடத்துவாங்க. ஒருத்தி மேட்டுல பயிற்சி எடுக்கட்டும். இன்னொருத்தி சூட்டறையில எடுக்கட்டும். போட்டிக்கு முன்னால ஒண்ணா சேர்த்துடலாம்."

வாணி கடலையை உரித்தபடியே கேட்டாள். "அப்ப என்ற பள்ளிக்கூடத்துல வாத்தியாரு இருக்க மாட்டாருங்களா?"

மெர்லின் சிரித்துவிட்டார். "கொஞ்ச நாளைக்கு இருக்க மாட்டாரு."

"பொறவு?"

"மறுபடி வெயில்ல ஓட்டினா புதுசா வரணும்."

"வருமுங்களா?"

"எலிகளுக்கு வந்தது," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் சுகந்தி வாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? தண்ணி கொண்டாந்து குடுக்கறனில்ல, அது மாதிரிதான். வெய்யலுக்கு எங்கூர்ல பஞ்சமா? நாலு நாள் வெளிய நின்னா மறுபடி ஏறிக்கும்." கொஞ்சம் தயங்கி, தரையைப் பார்த்துச் சொன்னாள். "அடுத்த வருசம் என்ற பேர்லயே ஒரு போட்டி ஓட்டச் சொல்றேன்னு கோச் சொல்லியிருக்காரு. எனக்குன்னு."

அப்படித்தான் தொடங்கியது. சுகந்தி கோத்தகிரியில் பனி விலகுவதற்கு முன்பே மேடேறினாள். வாணி கீழே சூட்டறையில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ரோலரின் மேல் நிறுத்தி வைத்த சைக்கிளை மிதித்தாள். அனலடிக்கும் அந்த அறையில் மற்ற பெண்கள் கால் மணி நேரத்தில் கையைத் தூக்கிவிடுவார்கள். வாணி பாட்டுக் கேட்டுக்கொண்டே மிதிப்பாள். இறங்கும்போது தரையில் குளம் கட்டியிருக்கும்.

சித்திரை பிறந்ததும் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். வாணியின் கையிலிருந்து வந்த குழாய் சலவை இயந்திரம் மாதிரி முனகிக்கொண்டிருந்த ஒரு பெட்டிக்குள் போனது. அதிலிருந்து இன்னொரு குழாய் சுகந்தியின் கைக்கு வந்தது. வலியே இல்லை. வாணி ஏதோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. புழுக்கமாட்டம் இருக்குது."

அறையில் ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுகந்தி அப்போதுதான் நர்ஸிடம் இரண்டாவது போர்வை கேட்டிருந்தாள்.

போட்டியில் நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கடலூரில் பாதிப் பேர் விழுந்தார்கள். வேதாரண்யத்து உப்பளங்களின் வெள்ளை வெளிச்சத்தில் இன்னும் பலரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே தேரிக்காட்டின் செம்மணல் காற்றோடு பறந்து முகத்தில் சுட்டபோது, சுகந்தி தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வெயிலில் நன்றாக மூச்சு விட்டாள். தோல் தானாகத் திறந்துகொண்டது. முதல் மிதியிலேயே வியர்வை பொடித்து, காற்றுப் பட்டு, முதுகு குளிர்ந்தது. வெயில் அவள்மேல் அடிப்பது போலவே இல்லை, கூட உட்கார்ந்து வருவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் சாலையில் யாருமே இல்லை. தார் மட்டும் நெளிந்தது.

கன்னியாகுமரியில் கோப்பையோடு கழுத்தில் மாலை விழுந்தது, பட்டாசு வெடித்தது. சுகந்தி கூட்டத்தில் வாணியைத் தேடினாள்.

"ஓய்வுல இருக்கா. அலையவிட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க," என்றார் தாமோதரன்.

போனில் கூப்பிட்டால் வாணி எடுக்கவில்லை. எப்போதாவது குரல் பதிவு அனுப்புவாள். நல்லாருக்கேன் கண்ணு, சித்த அசதி, நீ நெம்ப நல்லா ஓட்டுன. அவ்வளவுதான். பின்னணியில் எப்போதும் ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்கும். குளியலறையிலிருந்து பேசுகிறாளோ என்று சுகந்தி நினைத்துக்கொள்வாள்.

மலைக்குத் திரும்பியபின் சுகந்திக்குக் குளிர் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய பனி இப்போது எலும்பைக் குடைந்தது. கம்பளிக்குமேல் கம்பளி போட்டுக்கொண்டாள். வெயில் பதம் இரண்டு வாரத்தில் கரையும் என்றார்கள். ஆடி போய், தீபாவளி போய், பொங்கலும் போயிற்று. கரையவே இல்லை. பரிசோதனை முடிவைப் பார்த்துத் தாமோதரன் அவள் தோளைத் தட்டினார்.

"இனி ஆயுசுக்கும் உனக்கு வெயில் பயிற்சி வேண்டாம்மா. உன்கிட்டயே தங்கிடுச்சு!"

"என்கிட்ட தங்கிடுச்சுன்னா வாணிக்காகிட்ட?"

"அவளுக்கும் வந்துகிட்டிருக்கும்," என்றார் அவர், கார்ச்சாவியைத் தேடியபடி.

பங்குனி தொடக்கத்தில், யாரிடமும் சொல்லாமல், சுகந்தி பஸ் ஏறிக் கரூருக்குப் போனாள். வாணியின் கணவன் சென்னியப்பன் அங்கே பஸ் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனான். அதிகம் பேசாத மனிதன். பரமத்தியைத் தாண்டி, காய்ந்த முருங்கைத் தோட்டத்து வேலியோரமாகத் திரும்பி, ஓட்டு வீட்டின் முன் வண்டியை நிறுத்தினான். வீடு பூட்டிக் கிடந்தது.

"வாணிக்கா எங்கேண்ணா?"

"கெணத்துல இருக்காளுங்க."

சுகந்தி கிணற்றைத் தேடி ஓடப் போனாள். அவள் முகத்தைப் பார்த்து அவனே பதறினான். "அய்யோ, அப்படி இல்லீங்க. உக்காந்திருக்கா. கரண்டு இருந்தா ஊட்டுக்குள்ள ஏசி போட்டு விட்டுருவேன். பகல்ல கரண்டு இருக்கறதில்லைங்களே. போய்ட்டா கெணறுதான்."

அகலமான பாறைக்கிணறு. பக்கவாட்டில் படிகள் சுற்றிச்சுற்றி இறங்கின. வெகு ஆழத்தில், நிழலும் பாசியுமாக இருந்த இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் ஒரு படியின் மேல் வாணி உட்கார்ந்திருந்தாள். தலையில் ஈரத்துண்டு. எலும்பும் தோலுமாகிவிட்டிருந்தாள். பாறையிடுக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைச் சுகந்தி அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாடி, சாம்பியனு," என்று சிரித்தாள் வாணி. "பாத்து வா, வழுக்கும்."

சுகந்தி செருப்போடு தண்ணீரில் இறங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். வாணியின் உடம்பு நெருப்பாகச் சுட்டது. கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி அவளுக்குள் போகவே இல்லை போலிருந்தது.

"வேர்க்கறதே இல்ல கண்ணு," என்றாள் வாணி. "காலைல பொழுது கெளம்புனா, பூனை வர்ற மாதிரி வெய்யல் ஊட்டுக்குள்ள வர்றது எனக்குத் தெரியும். மொதல்ல காது அடைக்கும். பொறவு கை கால் எங்கயோ போயிரும். கோச் ரெண்டு தடவ சூட்டறைக்குக் கூப்பிட்டாரு. ரெண்டாந்தடவ கண்ணு முழிச்சப்ப ஆசுபத்திரில கெடந்தேன். ஒடம்பு பாடத்த மறந்துருச்சு. புதுசாப் படிக்கவும் மாட்டேங்குது."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா? குடிச்ச தண்ணியத் துப்பிக் குடுப்பியா?"

சுகந்திக்கு அழுகை வந்தது. வாணி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மேலே, வட்டமாகத் தெரிந்த வானத்தில் வெயில் வெள்ளையாகக் கொதித்தது. சுகந்திக்கு அது இதமாக இருந்தது. அந்த இதமே அவளைக் கூசவைத்தது.

"சித்திரையில என்னக்கா பண்ணுவீங்க?"

வாணி தண்ணீரைக் கையால் அளைந்தாள். பாறையில் பழைய நீர்மட்டங்களின் கோடுகள் ஒன்றுக்குமேல் ஒன்றாகத் தெரிந்தன. "தண்ணி கீழ போகப் போக நானும் கீழ போய்ட்டிருக்கேன். இன்னுங் கொஞ்சம் படி இருக்குது."

அங்கிருந்து சுகந்தி நேராகக் கோயம்புத்தூருக்குப் போனாள். மெர்லின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவள் நின்ற நிலையைப் பார்த்ததுமே கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?"

"தெரியும்."

"எலிகளுக்கு வந்ததுன்னீங்களே."

"எலிகளுக்கு வந்தது, மக்ளே. நான் பொய் சொல்லல. மனுஷங்களுக்கு வரல. ஏன்னு எனக்கு இன்னும் புரியல." அவர் குரல் தேய்ந்தது. "வாணி மட்டும் இல்ல. வேற அணியிலயும் பண்ணியிருக்காங்க. அவங்களுக்கும் வரல."

"என்கிட்டருந்து எடுத்து அவங்களுக்கே திருப்பிக் கொடுக்க முடியுமா?"

"முடியும். அவ உடம்புலருந்து வந்ததுதானே, அங்க போனா உடனே ஒட்டிக்கும். ஆனா எடுக்கும்போது அவளோடது, உன்னோடதுன்னு பிரிச்செடுக்க முடியாது. பிறந்ததுலருந்து உனக்குன்னு இருந்த கொஞ்சநஞ்சமும் சேர்ந்து போயிடும். அப்புறம் நீ மலையை விட்டு இறங்கவே முடியாது. புரியுதா? மேட்டுப்பாளையம் வரைக்கும்கூட."

"நான் மலைக்காரிதானே டாக்டர்," என்றாள் சுகந்தி.

தாமோதரன் வந்தார். முதலில் கெஞ்சினார். பிறகு கத்தினார். அடுத்த கத்திரிக் கோப்பை வாசலில் நிற்கிறது, அணியில் எத்தனை பேருடைய பிழைப்பு உன்னை நம்பி இருக்கிறது தெரியுமா என்றார். சுகந்தி அசையவில்லை என்றதும் அவர் குரல் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சரி. செய். ஆனா ஒண்ணு. இது நம்மையும் வாணி வீட்டையும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. திரும்ப வளர்றதே இல்லைன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கே இந்த மருத்துவமனைக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. அந்தப் பெட்டியும் போயிடும். அப்புறம் வாணிக்குத் திருப்பிக் கொடுக்க நீ எங்க போவ?"

சுகந்தி மெர்லினைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்றாள் சுகந்தி. அந்த நேரத்தில் அது அவளுக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. வாணிக்கா அந்தப் படிகளில் ஏறி மேலே வந்தால் போதும்.

வாணியைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "குடுத்ததத் திரும்ப வாங்கறதா? உன்ற ஓட்டம் என்னாவறது?" என்று மல்லுக்கு நின்றாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன்தான் கடைசியில், கீழே குனிந்து, மெதுவாகச் சொன்னான். "வாங்கிக்க வாணி." துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படியிலிருந்து எழுந்தாள்.

மறுபடியும் அதே இரண்டு கட்டில்கள், அதே முனகும் பெட்டி. படுப்பதற்கு முன் தாமோதரன் வாணியிடமும் அதே வாக்கை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை புழுங்கியது சுகந்திக்கு.

நாலைந்து நாள் கழித்து, உச்சிவெயிலில், வாணி மருத்துவமனையின் சிமெண்டுத் தளத்தில் வெறுங்காலோடு இறங்கி நின்றாள். கையை அகல விரித்தாள். நெற்றியில் வியர்வை அரும்பியது. அதைத் தொட்டுப் பார்த்து, நாக்கில் வைத்து, சிறுபிள்ளை போல அழுதாள். சுகந்தி அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். அந்தக் கண்ணாடியில் கை வைக்கவே அவளால் முடியவில்லை. அவ்வளவு சுட்டது.

பொழுது விடிவதற்குள் அவளைக் குளிரூட்டிய வேனில் மலைக்கு ஏற்றிவிட்டார்கள். முழங்கால் காயம், இனி ஓட்ட மாட்டார் என்று அணி அறிவித்தது.

சுகந்தி கோத்தகிரியிலேயே தங்கிவிட்டாள். மேட்டுப் பயிற்சிக்கு வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். வாழ்க்கை அவ்வளவு மோசமில்லை என்றே முதலில் தோன்றியது. பனிக்காலத்தில் பழைய சுகந்தியாகவே நடமாடினாள். வாணி வாரம் தவறாமல் பேசினாள். பரமத்தியிலிருந்து கரூருக்குத் தினமும் சைக்கிளில் போய் வருகிறாளாம். ஒரு போட்டியில் தன் பெயரிலேயே ஓட்டி, மூன்றாவதாக வந்தாளாம். மேடையில் தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மார்கழிக்குப் பிறகு அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வேலை அதிகம் போல என்று சுகந்தி விட்டுவிட்டாள்.

அடுத்த சித்திரையில் கோத்தகிரியிலேயே வெயில் மாறியிருந்தது. கடைத்தெருவில் மின்விசிறிகளை அடுக்கி வைத்து விற்றார்கள். மற்றவர்களுக்கு அது கொஞ்சம் வேர்க்கிற வெயில், அவ்வளவுதான். சுகந்தி முற்பகலிலேயே அறைக்குள் போய், கனத்த திரைகளை இழுத்துவிட்டு, சாயங்காலம்தான் வெளியே வந்தாள்.

அப்படி ஒரு பகலில் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள் நஸ்ரின். கூடலூர்க்காரி. அணியின் புதிய நட்சத்திரம். கோப்பைக்காகக் கீழே போய், பதம் ஏற்றிக்கொண்டு, கடைசிக் கட்ட மேட்டுப் பயிற்சிக்காக முதல் நாள்தான் திரும்பியிருந்தாள். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"எப்படிக்கா இங்க இருக்கீங்க, இப்படிக் குளிருது?"

சுகந்தி சிரித்தாள். "உனக்குக் கொடுத்தது யாரு? பக்கத்துல படுக்க வெச்சாங்களா?"

"யாருமில்லக்கா. இப்பல்லாம் ஆளைப் பார்க்கிறதே இல்ல. பையில வருது."

"பையிலயா?"

"ஆமாக்கா. நம்ம அணிக்கு மட்டுமில்ல. கப்பல்ல வெளிநாட்டுக்கெல்லாம் போகுதாம். குளிர் ஊர்க்காரங்களுக்கு இப்ப வெயில் வந்துடுச்சில்ல, பணம் இருக்கிறவங்க ஏத்திக்கிறாங்க. பையில பேர்கூட இருக்காது. ஊர் மட்டும்தான் போட்டிருக்கும்." நஸ்ரின் வெள்ளந்தியாகச் சொன்னாள். "எனக்கு வந்ததுல பரமத்தின்னு போட்டிருந்துச்சு. பரமத்திப் பை கிடைச்சா அதிர்ஷ்டம்னு அங்க எல்லாரும் சொன்னாங்க."

நஸ்ரின் போனபிறகு சுகந்தி கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வாணிக்குப் போன் போட்டாள். நெடுநேரம் அடித்தபின் எடுத்தாள். மூச்சு வாங்கிற்று. சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"வாணிக்கா, உங்க ஊர்ல யாராவது கொடுத்திருக்காங்களா?"

சக்கரம் சுற்றும் சத்தம் மெல்ல நின்றது.

"குடுக்காத ஊடு எதுன்னு கேளு," என்றாள் வாணி.

"என்னக்கா சொல்றீங்க?"

"தை மாசம் வேன் வந்துச்சு. வெள்ளை வேன், ஏசி போட்டது. மொதல்ல கிரஷர்ல கல்லுச் சொமக்கறவங்க போனாங்க. பொறவு பட்டறை ஆளுங்க, நூல் மில்லுப் புள்ளைங்க. கைல காசு. ரெண்டு வாரத்துல திரும்ப ஏறிக்கும்னு சொல்லித்தான் எடுத்தாங்க. அப்பப் பனிக்காலமா, யாருக்கும் ஒண்ணும் தெரியல. பங்குனி பொறந்தப்பத்தான் ஒவ்வொருத்தரா உளுந்தாங்க."

"எப்படிக்கா நம்பினாங்க? நீங்க கிணத்துல கிடந்ததை ஊரே பார்த்துச்சே!"

"பாத்துச்சு. கெடந்ததையும் பாத்துச்சு, பொறவு எந்திரிச்சு வந்து வெய்யல்ல வண்டி ஓட்டுனதையும் பாத்துச்சு." வாணியின் குரலில் கோபமே இல்லை. அதுதான் சுகந்தியைப் பயமுறுத்தியது. "வேன்காரங்க என்னையத்தாங் காட்டுனாங்க கண்ணு. பாருங்க, வாணிக்குத் திரும்ப வந்துருச்சில்ல, சித்த லேட்டாச்சு, அவ்ளோதான்னு."

திரையிடுக்கில் ஒரு கோடாக வெயில் தரையில் விழுந்திருந்தது. சுகந்தி காலை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க... நீங்க சொல்லலையா?"

"யாருக்கும் சொல்ல மாட்டேன்னு நாமதான வாக்குக் குடுத்தோம். அதையும் மீறிச் சொன்னேன். வேனுக்குக் குறுக்க நின்னு கத்துனேன். உனக்கு மட்டும் வரலாம், எங்களுக்கு வரக்கூடாதான்னு கேட்டாங்க. எனக்கு வரல, சுகந்தி தன்னோடதத் திருப்பிக் குடுத்தான்னு சொன்னேன்." சைக்கிளைச் சாய்த்து நிறுத்தும் சத்தம் கேட்டது. "எந்தப் புள்ள அப்படிக் குடுக்கும்னு சிரிச்சாங்க."

கீழே எங்கேயோ நஸ்ரினும் மற்றவர்களும் பயிற்சிக்குக் கிளம்பும் பேச்சுச் சத்தம் கேட்டது. சுகந்தி அந்தப் பக்கத்துக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப எப்படிக்கா இருக்காங்க?"

"ஊட்டுக்குள்ள இருக்காங்க. சாளரத்துக்கெல்லாம் தகரம் அடிச்சு, கதவச் சாத்திட்டு. இருக்கறவங்க ஏசி போட்டுக்கறாங்க. இல்லாதவங்க அவங்க ஊட்டுல போய்ப் படுத்துக்கறாங்க. கடையெல்லாம் பொழுது எறங்குனாத்தான் தெறப்பாங்க. பகல்ல தெருவுல நானும் இவரும் மட்டுந்தான். இவரு டிராக்டர்ல தண்ணி கொண்டாராரு, நா ஐஸ் கொண்டுட்டுப் போறேன். நேத்து ஒரு ஊட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியல."

"டாக்டர் மெர்லின்கிட்ட..."

"அந்தம்மா அங்க இல்ல. எங்கயோ வெளிநாட்டுல பெரிய ஆசுபத்திரியாம்." திடீரென்று வாணி பேச்சை நிறுத்தினாள். சுகந்திக்கும் வித்தியாசம் கேட்டது. அதுவரை போனுக்குள் தேனீக் கூட்டம் போல ஏதோ ஒன்று இரைந்துகொண்டே இருந்தது. தெருவிலுள்ள ஏசிகள் எல்லாம் சேர்ந்து போட்ட சத்தம் அது என்று, அது நின்றபிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"கரண்டு போயிருச்சு," என்றாள் வாணி. "நா போவோணும்."

போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. பெடலை எழும்பி மிதிக்கும் சத்தமும், ஐஸ் பெட்டி கேரியரில் குலுங்கும் சத்தமும் கேட்டன. அப்புறம் வெறும் மூச்சு. அந்த மூச்சுக்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. சாத்திய கதவுக்குள்ளிருந்து வருவதால் அமுங்கிய குரல். வாணீ. அடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. வாணி கண்ணு, இங்க. தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும், ஒன்றன்பின் ஒன்றாக, கிழக்குரலும் பிள்ளைக்குரலுமாக, வாணீ, வாணீ.

சுகந்தி எழுந்து கதவுவரை போனாள். கைப்பிடி சுட்டது. திரும்பி வந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.